இஃப் வாக்கியத்தில் வினையை எந்தக் காலத்தில் எழுதுவது?

நடக்காத விஷயத்துக்கும் நாளைய விஷயத்துக்கும் ஆங்கிலத்தில் ஏன் இறந்தகாலம் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தர்மபுரியில் மாலை வேளையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்களும் இடறுகிற இடம் இதுதான்.

முதலில் நம் 'பெய்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பெய் + த் + ஆல். 'பெய்தது' என்பதில் உள்ள அதே த். ஆனாலும் "நாளைக்கு மழை பெய்தால்" என்று தயங்காமல் சொல்கிறோம். இறந்தகால உருவத்தை வைத்து நாளையைப் பேசுவது நமக்கும் பழக்கம்தான்.

ஆனால் நமக்கு 'ஆல்' ஒன்றே போதும். ஆங்கிலம் கூடுதலாக ஒன்று கேட்கும்: இது நடக்கும் என்று நினைக்கிறீர்களா, வெறும் கற்பனையா?

"ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள்." மழைக்காலத்தில் நாம் பார்க்கிற சங்கதி. அதனால் இஃப் பக்கம் நிகழ்காலம்: 'இஃப் த வாட்டர் ரைசஸ், தே வில் ஸ்டாப் த போட்ஸ்.' நான் அதிகம் திருத்துவது 'இஃப் த வாட்டர் வில் ரைஸ்' என்பதைத்தான். எதிர்காலத்தைச் சொல்ல இஃப் பக்கம் வில் வராது. ('இஃப் யூ வில் வெயிட்' என்று பணிவாகக் கேட்பது வேறு. அங்கே வில் காலத்தைச் சொல்லவில்லை, சம்மதத்தைக் கேட்கிறது.)

"தர்மபுரியில் கடல் இருந்தால் தினமும் போவேன்." இது கற்பனை. 'இஃப் தர்மபுரி ஹேட் எ பீச், ஐ வுட் கோ எவ்ரி டே.' இந்த ஹேட் நேற்றைக் குறிக்கவில்லை. நிஜத்திலிருந்து தள்ளி நிற்பதைக் காட்டுகிறது. 'இஃப் ஐ வேர் யூ' என்பதும் இதே வழிதான். பேச்சில் வாஸ் கேட்கலாம், தேர்வில் வேர் எழுதுங்கள்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். "இந்த வேலை கிடைத்தால் ஓசூரில் வீடு எடுப்பேன்" என்பதை இரண்டு விதமாகவும் சொல்லலாம். 'இஃப் ஐ கெட்' என்றால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். 'இஃப் ஐ காட்' என்றால் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்வேன்.

சரி, நடந்து முடிந்ததை மாற்றி நினைப்பதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. தகடூரை (இன்றைய தர்மபுரி) ஆண்ட அதியமான் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தான், அவர் புறநானூற்றின் 91ஆம் பாட்டில் அவனை வாழ்த்தினார். அவனே தின்றிருந்தால் ஔவை அதைப் பாடியிருக்க மாட்டார். 'இஃப் அதியமான் ஹேட் ஈட்டன் இட், ஔவை வுட் நாட் ஹேவ் சங் தட் போயம்.' தின்றிருந்தால் என்பதற்கு ஹேட் ஈட்டன், பாடியிருக்க மாட்டார் என்பதற்கு வுட் நாட் ஹேவ் சங். தமிழ் தானாகவே வழி காட்டுகிறது. இஃப் பக்கம் 'வுட் ஹேவ்' எழுதிவிடாதீர்கள்.

இரண்டு காலம் கலந்து வந்தாலும் பயம் வேண்டாம். "அன்று படித்திருந்தால் இன்று வேலையில் இருப்பேன்": 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் தென், ஐ வுட் பி இன் எ ஜாப் நவ்.'