கோடையா, விடுமுறையா?

கேள்வி: கோடைகாலம் இப்போதெல்லாம் மாசியிலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகளின் கோடை விடுமுறையோ கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. உண்மையில் கோடை எத்தனை நாள் சார்?
(ஒரு வாசகி, அம்பத்தூர்)

பதில்: முதல்ல நீங்க ஒரு ‘க்’ பாக்கி வச்சிருக்கீங்கம்மா. கோடைக்காலம். இதை நான் சொல்லலை, எங்க ஆபீஸ்ல ப்ரூஃப் பாக்கற அண்ணாச்சி சொல்லச் சொன்னாரு. அவருக்கும் எனக்கும் ஒத்தெழுத்து விஷயத்துல பல வருஷமா பேச்சுவார்த்தை சரியில்லை. நான் விட்ட ஒத்தையெல்லாம் அவர் செருகுவாரு, அவர் செருகினதை நான் பிடுங்குவேன். போன வருஷம் மே இதழ்ல ‘கோடை விடுமுறை’க்கு நடுவுல ஒரு ‘வ்’ போட்டு அனுப்பி வச்சாரு, தெரியாம இல்லை, என்னைக் கடுப்பேத்தத்தான். அப்படியே அச்சாகியிருந்தா இலக்கணம் தெரிஞ்ச வாசகர்கள் நாலு பேர் எனக்குத்தான் போஸ்ட் கார்டு போட்டிருப்பாங்க.

சரி, கேள்விக்கு வரேன். கோடையைக் கேக்கறீங்களா, விடுமுறையைக் கேக்கறீங்களா? ரெண்டும் ஒண்ணு இல்லை.

கோடைங்கறது பழைய தமிழ்ல ஒரு காத்தோட பேரு. வடக்கேருந்து வந்தா வாடை, தெக்கேருந்து வந்தா தென்றல், கிழக்கேருந்து வந்தா கொண்டல், மேற்கேருந்து வந்தா கோடை. அந்த மேற்குக் காத்து எப்ப பலமா அடிக்கும்? ஏப்ரல்ல இல்லை. தென்மேற்குப் பருவம் பிடிக்கற ஜூன்லதான். கேரளாவுல வழக்கமா ஜூன் 1 வாக்குல மழை இறங்கும், நம்ம பக்கம் அதோட காத்து மட்டும் வரும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, வெறுங்கையோட மலையிறங்கி, இறங்கும்போதே சூடாகி, வழியில இருக்கற காஞ்ச மண்ணோட சூட்டையெல்லாம் வாரிக்கிட்டு சென்னைக்கு வந்து சேரும். கடல் காத்து பகல் பன்னெண்டு ஒரு மணிக்குள்ள உள்ள வந்துட்டா அன்னைக்குத் தப்பிச்சோம். மேற்குக் காத்து அதைக் கரையிலேயே மறிச்சு நிறுத்திட்டா வறுபட்டோம். அதுலயும் நீங்க அம்பத்தூரு, பெசன்ட் நகர்க்காரங்க சட்டை காஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அந்தக் கடல் காத்து உங்க தெருவுக்கு வரும்.

எங்க வீட்ல அக்னி நட்சத்திரம் முடிஞ்சா வெயிலே முடிஞ்ச மாதிரி பேசுவாங்க. மே 4 தொடங்கி 28, 29 வரைக்கும் கத்திரி, அதுக்கப்புறம் பானையைக் கவுத்திடலாம்னு ஒரு நம்பிக்கை. நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சது 2003 மே 31. கத்திரி கிளம்பிப் போன பிறகு! சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில வர்றது ஏப்ரல் கடைசி வாரம், அப்புறம் ஆகஸ்ட்ல இன்னொரு தடவை. குச்சியை நட்டு நிழல் விழலைன்னு அறிவியல் இயக்கத்துக்காரங்க பிள்ளைங்களுக்குக் காட்டுவாங்களே, அந்த நாள். உச்சியில நின்னாலும் அன்னைக்கே உச்ச சூடு வந்துடாது, அடுப்பைப் பத்த வச்ச உடனேயா தோசைக்கல் காயுது?

இதெல்லாம் பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில்னு பிரிச்சு வச்சாங்க. நாம என்ன பண்றோம், வேனில் இளசா இருக்கும்போது லீவு விட்டுட்டு முத்தப்போற நேரத்துல ஸ்கூல் திறக்கறோம். 2023ல நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? ஆறாம் வகுப்புலேருந்து மேல ஜூன் 1, சின்னவங்களுக்கு 5ன்னாங்க. அப்புறம் எல்லாருக்கும் 7. அப்புறம் பெரியவங்களுக்கு 12, சின்னவங்களுக்கு 14. எங்க எதிர்வீட்டுப் பொண்ணு மூணு தடவை ஷூவுக்கு பாலிஷ் போட்டா, மூணாவது தடவை போடும்போது அழுதுட்டா. மறு வருஷமும் ஜூன் 6ன்னு சொல்லி 10க்குத் தள்ளினாங்க. தள்ளின நாளெல்லாம் சும்மா கிடைச்சதுன்னு நினைக்காதீங்க, பின்னாடி சனிக்கிழமை சனிக்கிழமையா பிடிச்சுப்பாங்க.

இந்த விஷயத்துல வெள்ளைக்காரன் உஷாரு. கோடை வந்தா மெட்ராஸ் சர்க்காரே பைலைக் கட்டிக்கிட்டு ஊட்டிக்கு ஏறிடும். ஹைகோர்ட்டுக்கு இன்னைக்கும் மே மாசம் லீவு. நாமளும் ஊட்டிக்குப் போகலாம், ஆனா 2024 மே 7லேருந்து இ-பாஸ் வேணும். கவர்னருக்கு யார் பாஸ் கொடுத்தாங்களோ.

விடுமுறைக்கு வரேன். விடு, முறை. யாரை யார் வீட்டுல எந்த முறைப்படி விடறதுங்கற அட்டவணைதான் விடுமுறை. இதுக்கு அண்ணாச்சி ஒத்துக்க மாட்டாரு, பிரிச்சது தப்பும்பாரு, ஆனா அவரே பேரனை பதினஞ்சு நாள் சம்பந்தி வீட்டுல விட்டுட்டு வந்தவர்தான். கணக்கு போடுவோம். லீவு 40 நாள்னு வச்சுக்குங்க. சம்மர் கேம்ப் 15 நாள் போச்சு. இந்த சம்மர் கேம்ப் மேல எனக்கு இருக்கற கோபம் இந்தப் பக்கத்தைப் படிக்கறவங்களுக்குப் புதுசு இல்லை. ஆறு வயசுப் பையனுக்கு பர்சனாலிட்டி டெவலப்மென்ட்டாம், அவனுக்கு இன்னும் முன்பல்லே டெவலப் ஆகலை! மிச்சம் 25. ஊர்ல கோயில் கொடை, ஒரு கல்யாணம், ரெண்டும் சேர்த்து 5 நாள் (எங்க தென்காசிப் பக்கம் கோடையில கொடை வரும், இதுல ஒத்துப் பிரச்சினை இல்லை, குறில் நெடில் பிரச்சினைதான்). மிச்சம் 20. பஸ், ரயில், பெட்டி கட்டறது, அவுக்கறதுன்னு 3 நாள். கடைசியில யூனிபார்ம் தையக்காரர்கிட்ட நடக்கறது, நோட்டுக்கு பிரவுன் ஷீட் போடறது, லேபிள் ஒட்டறதுன்னு ஒரு வாரம். மிச்சம் எவ்ளோ? 10 நாள்.

அந்தப் பத்துலயும் பகல் பூரா வெளிய விடமாட்டீங்க. எங்க காம்பவுண்ட்ல ஒரு பையன் தினம் மூணு மணிக்கு பேட்டை எடுத்துக்கிட்டு கேட்டுகிட்ட வந்து நிப்பான், கம்பி சுட்டுச்சுன்னா கையை டவுசர்ல தேச்சுக்குவான், மாடியிலேருந்து அவங்க அம்மா “அஞ்சு மணிக்கு மேலடா”ன்னு கத்துவாங்க, உள்ள போவான், பத்து நிமிஷத்துல திரும்ப வந்து நிப்பான். நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப சிவப்பு சிமெண்ட் தரையில வெறும் முதுகோட படுத்துக் கிடப்போம், படுத்த இடம் சூடாச்சுன்னா பக்கத்து இடத்துக்கு ஒரு உருளல், அப்படியே உருண்டு உருண்டு சாயங்காலம் வாசல்படிக்கு வந்துடுவோம். அதுக்கு பீஸ் கட்டலை.

பிள்ளைங்களுக்கு 10 நாள்னா பெத்தவங்களுக்கு எத்தனைன்னு கேப்பீங்க. உங்களுக்கு அது மார்ச்லயே தொடங்கியாச்சு, 60 நாள் முன்னாடி காலையில 8 மணிக்கு நெல்லைக்கும் பொதிகைக்கும் ரயில் டிக்கெட் போட உக்காந்தீங்களே அன்னைக்கு. முன்ன 120 நாள் இருந்தது, 2024 நவம்பர்லேருந்து பாதியாக்கிட்டாங்க. அதனால உங்க கோடையும் ரெண்டு மாசம் குறைஞ்சிருக்கு, யாரும் நன்றி சொன்ன மாதிரி தெரியலை. சமையக்கட்டுக் கணக்கை நான் எடுக்கலை, பதினோரு மணிக்கு ஒரு தடவை நாலு மணிக்கு ஒரு தடவை “பசிக்குதும்மா”ன்னு வர்ற குரலை எந்த காலண்டர்ல போடறது?

எனக்கு வருஷா வருஷம் நடக்கறதைச் சொல்றேன். ஸ்கூல் திறந்த அந்த வாரம் நான் பேரனை ஆட்டோவுல ஏத்திட்டு, சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு நிக்கும்போது தென்காசிலேருந்து அக்கா போன் பண்ணுவா. அதே மேற்குக் காத்துதான், அங்க செங்கோட்டைக் கணவாய் வழியா ஈரத்தோட வந்து வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டிருக்கும், போன்லயே சத்தம் கேக்கும். “ஏல, குத்தாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சிட்டு, அருவியில தண்ணி நல்லா வருது, பிள்ளைகளக் கூட்டிட்டு வா.”

“ஸ்கூல் திறந்தாச்சுக்கா”ம்பேன்.

“இப்பவா தொறப்பான், கூறுகெட்டவன்?”