ஜிசிசியா, கிளாங்கா: சி கம்பைலர் எதை எடுத்துக்கொள்வது?

லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் (ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வழி சிஸ்டங்கள்) ஓட வேண்டிய சி புரோகிராமுக்கு, ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களில் (நாம் எழுதுவதை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றுபவை) எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தந்த சிஸ்டத்தோடு வருவதையே பயன்படுத்துங்கள், ஆனால் எழுதும்போது இரண்டிலும் கம்பைல் செய்து பாருங்கள்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பல வருடம் லினக்ஸில் ஜிசிசி மட்டுமே வைத்து எழுதிய ஒரு புரோகிராமை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுபோனேன். மேக்ஃபைலின் (எப்படிக் கம்பைல் செய்வது என்று எழுதி வைக்கும் கோப்பு) முதல் வரியிலேயே கம்பைலர் ஜிசிசி என்று எழுதி வைத்திருந்தேன், அங்கே அப்படி ஒன்றே இல்லை. 2007-இல் ஜிசிசி ஜிபிஎல் என்ற லைசென்ஸின் மூன்றாம் பதிப்புக்கு மாறியதை ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் ஏற்கவில்லை, பழைய ஜிசிசி 4.2.1-ஐயே வைத்திருந்துவிட்டு 2014-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 10.0-இல் கிளாங்குக்கு மாறிவிட்டார்கள்.

சரி, வரியை மாற்றினேன். உடனே "ஃபங்ஷன் டெஃபினிஷன் இஸ் நாட் அலவ்ட் ஹியர்" என்று பிழை. வரிசைப்படுத்தித் தரும் கியூசார்ட்டுக்குத் தேவையான ஒப்பிடும் ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதியிருந்தேன், வெளியே இருக்கும் லோக்கல் வேரியபிளை அது நேராகப் படித்துக்கொண்டிருந்தது. அது சி மொழி தருகிற வசதி என்றே அத்தனை நாளும் நம்பியிருந்தேன். ஜிசிசி தானாகச் சேர்த்துக்கொண்ட வசதி அது, சி தரநிலையை மீறினால் சொல்லும் பெடான்டிக் ஆப்ஷன் போட்டிருந்தால் அதுவே எச்சரித்திருக்கும். பிரித்து எழுத அரை நாள் போனது.

பிழைச் செய்தி கிளாங்கில்தான் தெளிவு என்பது பழைய கதை, 2013-இல் வந்த 4.8 முதல் ஜிசிசியும் வரியைக் காட்டி இடத்தைச் சுட்டுகிறது. வேகத்தைப் பற்றி யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், உங்கள் புரோகிராமை இரண்டிலும் ஓட்டி அளந்து பாருங்கள். உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மதிப்பே போடாத வேரியபிளைப் படிக்கும் தவறை, ஓடும்போதே பிடித்துக் காட்டும் மெமரி சானிடைசர் கிளாங்கில் உண்டு, ஜிசிசியில் கிடையாது (இணைக்கிற லைப்ரரிகளையும் அதே ஆப்ஷனோடு கம்பைல் செய்யவேண்டும், இல்லாவிட்டால் பொய்ப் புகார்கள் வரும்). பழைய, அபூர்வமான பிராசசர் என்றால் பெரும்பாலும் ஜிசிசிதான் கைகொடுக்கும்.

அப்புறம் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் ஜிசிசி என்று டைப் செய்தாலும் ஓடுவது கிளாங்தான், அதை வைத்து இரண்டிலும் சோதித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மேக்ஃபைலில் கம்பைலர் பெயரை எழுதவே வேண்டாம். அதைப் படிக்கும் மேக் (make) புரோகிராம் தானாகவே சிசி (cc) என்ற கட்டளையைக் கூப்பிடும், அது பொதுவாக லினக்ஸில் ஜிசிசிக்கும் ஃப்ரீபிஎஸ்டியில் கிளாங்குக்கும் போய்ச் சேரும்.