மகனை இத்தாலி அணியில் சேர்க்க 15,000 வெள்ளி கட்டலாமா?

கேள்வி: மலேசியாவில் பகாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருக்கிறேன். மகனுக்கு 20 வயது. நாலு வருஷமாக ஞாயிறுதோறும் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய் ஐஸ் ஹாக்கி விளையாடுகிறான். டவுனில் ஒருவர், 15,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் சுவிட்சர்லாந்தில் நடக்கும் உலகப் போட்டிக்கு இத்தாலி அணியில் பெயர் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். மகனின் ஐ.சி.யையும் (அடையாளக் கார்டு) சூராட் பிரானாக்கையும் (பிறப்புப் பத்திரம்) அசலாகவே கேட்கிறார். எனக்கு 55 ஆகிவிட்டது, இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். எடுத்துக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. பணமும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். ஏற்கெனவே அசல் ஏதாவது கொடுத்திருந்தால், இந்தப் பதிலை முழுக்கப் படிப்பதற்கு முன்னால் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அவர் சொல்லும் போட்டி உண்மையானதுதான். ஏமாற்றுகிறவர்கள் எப்போதும் உண்மையான பெயரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆண்டுதோறும் மே மாத வாக்கில் நாட்டு அணிகள் மோதும் உலக சாம்பியன்ஷிப் அது. 2026ஆம் ஆண்டுத் தொடருக்கு மே 15 முதல் 31 வரை என்று தேதி குறித்து, சூரிக், ஃப்ரீபூர் நகரங்களை அறிவித்தார்கள். மேல் பிரிவில் 16 நாடுகள், அதில் இத்தாலியும் உண்டு. ஓர் அணிக்கு 25 பேர். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஆடுகிறவர்கள்கூட, தங்கள் கிளப் தோற்று வெளியேறியதும் விமானம் ஏறி வந்து தம் நாட்டு அணியில் சேர்ந்துகொள்வார்கள். அந்த 25 பேரைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த நாட்டுச் சங்கமும் பயிற்சியாளரும். நடுவில் பணம் வாங்கிச் சேர்த்துவிட ஆளே கிடையாது.

அதைவிடப் பெரிய தடை குடியுரிமை. இத்தாலிக்கு ஆட வேண்டுமானால் இத்தாலியக் குடிமகனாக இருக்க வேண்டும். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக முன்வந்து வாங்கியவரின் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அரசியலமைப்பின் 24ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. நம் தோட்டங்களில் ஒரு பிறப்புப் பத்திரத்துக்காகப் பதிவு இலாகா வாசலில் எத்தனை குடும்பங்கள் வருஷக்கணக்கில் நின்றன, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டோடு எத்தனை பெரியவர்கள் கண்ணை மூடினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் கிடைத்த, குடிமகனுக்கான நீலக் கார்டு உங்கள் மகனுடையது.

இந்த இடத்தில் பணம் கேட்கிறவர் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார். "இத்தாலி அணியில் கனடாவில் பிறந்த பையன்களே ஆடியிருக்கிறார்களே" என்பார். ஆடியிருக்கிறார்கள். இந்த ஒரு விதிவிலக்கைக் காட்டியே பல பெற்றோரை மடக்குகிறார்கள் என்பதால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். அந்தப் பையன்களின் தாத்தாவோ பாட்டியோ இத்தாலியிலிருந்து கனடா போனவர்கள். அந்த இரத்த உறவை வைத்து இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. கனடா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, அதனால் அவர்களுக்கு இழப்பில்லை. குடியுரிமை வந்ததுமே அணியில் சேர்த்துவிடவும் இல்லை. புதிதாகக் குடியுரிமை பெற்றவர் அந்த நாட்டிலேயே குடியிருந்து, அந்த நாட்டு லீக்கில் தொடர்ந்து இரண்டு சீசன், குறைந்தது 16 மாதம், அதாவது 480 நாள் ஆடியிருக்க வேண்டும். நடுவில் வேறு நாட்டு லீக்குக்குப் போய் ஆடினால் கணக்கு அறுந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து போகலாம், அது கணக்கைக் கெடுக்காது. வந்த இடத்தில் இங்குள்ள லீக் ஆட்டத்தில் இறங்கினால்தான் கெடும். ஏற்கெனவே ஒரு நாட்டுக்காக உலகப் போட்டியில் ஆடியவர் நாடு மாற வேண்டுமானால் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும், அதுவும் வாழ்க்கையில் ஒரே தடவைதான். இதில் எந்தப் படியில் தம்பி நிற்கிறார்? முதல் படியிலேயே இல்லை. 480 நாளை 15,000 வெள்ளி குறைத்துவிடாது.

இன்னொன்று. ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆட்டக்காரர் போகும்போது இடமாற்ற அட்டை ஒன்று உண்டு. இரு சங்கங்களும் சம்மதித்து, உலக சம்மேளனம் வழியாக நடக்கும் வேலை அது. அதை அச்சடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது போலி.

அசல் ஐ.சி.யை ஏன் கேட்கிறார்? இதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்தக் கார்டை வைத்து எங்கோ கடன் எடுப்பார்கள், எங்கோ வங்கிக் கணக்கு திறப்பார்கள், பிறகு போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஐ.சி. உடன் இல்லாமல் வெளியே போவதே குற்றம். 1990ஆம் ஆண்டுப் பதிவு விதிகளின்படி 20,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. நகல் கொடுக்க நேர்ந்தால் அதன் குறுக்கே கோடு போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.

தம்பிக்கு நேர் வழி இங்கேயே இருக்கிறது. அதே உலகத் தொடரின் அடிப்பிரிவுகளில் மலேசியாவும் ஆடுகிறது. 2022 மார்ச்சில் பிஷ்கெக்கில் நான்காம் டிவிஷனில் கிர்கிஸ்தான், ஈரான், சிங்கப்பூர் அணிகளோடு நம் அணி இறங்கியது. பழகும் தளத்தில் இருக்கும் கிளப்பில் முறையாகப் பதிந்து, தேசிய அணித் தேர்வு எப்போது என்று பயிற்சியாளரிடமும் தேசிய சம்மேளனத்திடமும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரத் தாமதமாகும், மறுபடி கேளுங்கள். பனித்தளம் எல்லாம் பெருநகரப் பேரங்காடிகளில், தேர்வுச் செய்தி எல்லாம் அங்கே பழகும் நாலு பேர் வாட்ஸ்அப்பில். தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் வந்து சொல்வதில்லை. பல ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சேதி வராத அந்த இடைவெளியில்தான் இந்த ஏஜெண்டுகள் கடை போடுகிறார்கள்.

எந்த அமைப்பாவது பணம் கேட்டால், அது 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானதா என்று விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். அந்த ஆள் காட்டிய கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். முன்பணம் என்று ஏதாவது வங்கியில் போட்டிருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், பிறகு பகாவ் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். போகும்போது தம்பியையும் கூட்டிப் போங்கள், அவர் ஐ.சி.யும் கையில் இருக்கட்டும்.