முறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகுமா?

கேள்வி: என் எடை 108 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் ஓட்டுகிறேன். மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் தோண்டிப்போட்ட பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் ‘டங்’கென்று தட்டுகிறது. மெக்கானிக் பின் ஷாக்கை (ஷாக் அப்சார்பர்) முழுசாக டைட் வைத்தார். இப்போது தூக்கியடிக்கிறது, தட்டுவதும் நிற்கவில்லை.
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: டைட் வைத்தால் ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டியின் உயரம்தான் ஏறும். ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் போகாத குழப்பம் இது.

முதலில் டேப்பை எடுங்கள். பின் ஆக்ஸில் நடுவிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி குறித்து, மூன்று முறை அளக்க வேண்டும். என்ஜின் அடியில் கட்டை கொடுத்து, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஒன்று. வண்டி மட்டும் தரையில் நிற்கும்போது ஒன்று. ஹெல்மெட், பூட்ஸ், பையோடு நீங்கள் ஏறி, ஃபுட்ரெஸ்டில் கால் வைத்திருக்கும்போது ஒன்று. வண்டியைப் பிடிக்க ஓர் ஆள், அளக்க ஓர் ஆள் தேவை. அளக்கும் முன் இரண்டு மூன்று தரம் அமுக்கி விடுங்கள்.

முதல் அளவில் மூன்றாவதைக் கழித்தால் ஆளோடு இறங்கும் தூரம். பின்பக்க டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்த தூரம், 170 மி.மீ. என்பதால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக 51 முதல் 56 மி.மீ. இருக்கலாம். முதல் அளவில் இரண்டாவதைக் கழித்தால் வெறும் வண்டியின் இறக்கம். 10 முதல் 20 மி.மீ. நல்லது. டைட்டைக் கூட்டிக் குறைத்து ஆளோடு இறக்கம் சரியாக வந்தும், வெறும் வண்டி துளியும் இறங்காமல் விறைப்பாக நின்றால், ஸ்பிரிங் உங்கள் எடைக்குச் சன்னம். கெட்டி என்று தோன்றும், உண்மை தலைகீழ். ஷாக் முழுக்க நீண்டு மேல்முனையில் முட்டுவதால்தான் தூக்கியடிக்கிறது.

அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது பை, கியர் எல்லாம் சேர்த்த எடையைச் சொல்லுங்கள். கெட்டி ஸ்பிரிங் வேகமாகத் திரும்பும் என்பதால் ரீபவுண்டையும், அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி நீளும் வேகத்தைத் தடுக்கும் பிடிப்பையும், கூட்ட வேண்டும். திருகு இருந்தால் இரண்டிரண்டு கிளிக்காக. இல்லையென்றால் ஷாக்கைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். கேஸ் அடைத்த ஷாக்கைத் தெரியாமல் கழற்றினால் ஆபத்து.

முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய் ஷாக்) பலர் கெட்டி ஆயிலை ஊற்றிவிடுவார்கள். வேண்டாம். அடுத்தடுத்து பள்ளம் வந்தால் ஃபோர்க் திரும்பி நீள நேரமில்லாமல் அமுங்கியே கிடக்கும். அங்கேயும் ஸ்பிரிங்தான் முக்கியம். ஃபோர்க் அடிமட்டத்தில் மட்டும் தட்டினால், அதே கிரேடு ஆயிலின் மட்டத்தை இரு பக்கமும் சமமாக 5 மி.மீ. உயர்த்திப் பாருங்கள். அதிகம் போனால் ஆயிலை அடைத்து வைக்கும் ரப்பர் சீல் பிதுங்கும்.

பின் உயரம் மாறியதும் செயினைப் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை) போல்ட், ஆக்ஸில் மூன்றும் நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இழுபடும். அந்த நிலையிலும் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். உயரம் மாறினால் வெளிச்சம் விழும் இடமும் மாறும், ஹெட்லைட்டையும் திருத்துங்கள்.

கேள்வி: ஃபோர்க் சீல் மாற்றி மூன்றே மாதத்தில் மறுபடி ஆயில் கசிகிறது.
- வாசகர், காசிமேடு

பதில்: உப்புக்காற்றில் ஃபோர்க் குழாயில் துரு குழி விழுந்திருக்கும். நகத்தால் தடவுங்கள், தட்டுப்பட்டால் எத்தனை சீல் போட்டாலும் அறுக்கும், குழாயை மாற்றுங்கள். வழவழப்பாக இருந்தால் சீலில் மணல் சிக்கியிருக்கலாம். மேலே தூசி தடுக்கும் டஸ்ட் சீலை இறக்கி, பழைய கேமரா ஃபிலிம் துண்டை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்தாலே பல நேரம் நின்றுவிடும்.