சிவிதா தி பாஞ்ஞொரேஜோவுல போட்டோ எடுக்கறதைத் தவிர பார்க்க ஏதாவது இருக்கா?

ரோம்ல இருந்து ஃபுளோரன்ஸ் போற பேக்கேஜ்ல நடுவுல இந்த ஊரையும் சேத்திருப்பாங்க, அதான் கேக்கறீங்கன்னு நினைக்கறேன். நாங்களும் அப்படித்தான் போனோம், அப்பா அம்மாவோட. பஸ்லயே கைடு மைக்கை எடுத்து "அரை மணி நேரம்தான், பாலத்துல செல்ஃபி எடுத்துட்டு வந்துடுங்க, உள்ள ஒண்ணும் இல்ல"ன்னுட்டார். இப்ப நினைச்சாலும் ஆத்திரமா வருது.

ஒண்ணும் இல்லையா? எட்ருஸ்கன்கள், அதாவது ரோமானியர்களுக்கு முன்னாடி மத்திய இத்தாலியில வாழ்ந்த ஜனங்க, அவங்க காலத்து ஊருங்க அது, சுமார் 2500 வருஷம் பழசு. எரிமலை சாம்பல் இறுகிப்போன டஃப் பாறை மேல நிக்குது, அதுக்கு அடியில இருக்கறது ஒரு காலத்துல கடலடியில படிஞ்ச களிமண். மழையும் ரெண்டு பக்கமும் ஓடற ஓடைகளும் அந்தக் களிமண்ணை அரிச்சுக்கிட்டே இருக்கு, அடி கரைஞ்சதும் மேல பாறை விரிசல் விட்டு பெரிய பெரிய துண்டா பள்ளத்துல சரியுது, கூடவே வீடும் போயிடுது. பிரான்சிஸ்கன்ங்கற கத்தோலிக்கத் துறவிகள் சபைக்குத் தலைவரா இருந்து 1274ல இறந்த புனித பொனவெந்தூரா பிறந்த ஊர் இது, அவர் வீடு இருந்த இடமே இப்படித்தான் போச்சு. (நான் சிவில் படிச்சவன், ஜியாலஜிஸ்ட் இல்ல, சாயில் மெக்கானிக்ஸ் தெரிஞ்ச அளவுக்கு சொல்றேன், சண்டைக்கு வராதீங்க.)

1695 நிலநடுக்கத்துக்கு அப்புறம் பிஷப்பே பக்கத்து மேட்டுல இருக்கற பாஞ்ஞொரேஜோவுக்கு மாறிட்டார், ஜனங்களும் கொஞ்சம் கொஞ்சமா கிளம்பிட்டாங்க, இப்ப நிரந்தரமா இருக்கறது ஒரு பத்துப் பதினஞ்சு பேர்தான். ஊருக்குள்ள போக 1965ல கட்டின நடைபாலம்தான், கார் போகாது. 2013ல ஒண்ணரை யூரோன்னு டிக்கெட் ஆரம்பிச்சாங்க, இப்ப அஞ்சு யூரோ, அதைக் கொள்ளைன்னு திட்டறவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன், சரியற மலையைப் பிடிச்சு நிறுத்த காசு வேண்டாமா?

கொள்ளைன்னா எங்க டூர்காரங்க பண்ணினது. ஃபுளோரன்ஸ்ல ஒரு லெதர் கடையில ஏசியில உக்கார வெச்சு மத்தியானம் பூரா பெல்ட்டும் பேக்கும் காட்டினாங்க, கமிஷன் இல்லாமயா? இங்க மட்டும் அரை மணி. அப்பாவுக்கு முழங்கால் வலி, பாலம் முடியற இடத்துல ஏத்தம் வேற, அவர் மூச்சு வாங்கி ஊர் வாசல்ல போய் நின்னப்பவே கைடு போன் பண்ணி கூப்பிடறார். பெரியவங்கன்னு ஒரு மரியாதை வேண்டாம்?

அதனால பேக்கேஜ்ல போகாதீங்க. ரோம்ல ட்ரெயின் பிடிச்சு ஓர்வியேத்தோ, அங்கருந்து பாஞ்ஞொரேஜோவுக்கு பஸ், அப்புறம் பாலம் வரைக்கும் நடை. ஞாயித்துக்கிழமை மட்டும் பஸ்ஸை நம்பி கிளம்பாதீங்க.