பழைய கார் விற்பனை: பெயர் மாறும்வரை அது உங்கள் கார்தான்

கிழக்கு மாகாணத்தில் பெரும்போக நெல் வெட்டி முடிகிற காலத்தில் கார் வாங்குவது, விற்பது பற்றிய கேள்விகள் வந்து குவியும். இந்த முறை வந்தவற்றில் அதிகமானவை இருபது, இருபத்தைந்து வயதான கார்களைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

என்னிடம் கொரோல்லா 110 இருக்கிறது. எஞ்சின் நல்ல நிலை. பெயின்ட் மங்கிவிட்டது, பின் சக்கர வளைவில் துருவும் இருக்கிறது. முழுதாகப் பெயின்ட் அடித்து விற்றால் கூடுதல் விலை வருமா? (கல்லடி)

அடிக்காதீர்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நின்ற கார் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். அது இங்கே வாங்க வருகிற எல்லோருக்கும் தெரியும். இந்த வயதுக் கார் புதுப் பெயின்டில் பளபளத்தால், 'எதை மறைக்க அடித்திருக்கிறார்கள்' என்பதுதான் வாங்குபவர் மனதில் முதலில் எழும். கூட வரும் மெக்கானிக் கதவின் கீழ்ப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைப்பார். பள்ளத்தை நிரப்பும் கட்டலோய் பூச்சைத் தடிப்பாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. அந்த இடத்திலேயே பேரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். பெயின்டுக்குக் கொடுத்த காசும் திரும்பி வராது.

செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவழியுங்கள். கால் வைக்கும் தரைத்தகட்டிலோ கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பிலோ ஓட்டை இருந்தால் வெல்டிங் செய்து மூடுங்கள். அது அழகுக்கான வேலை அல்ல, ஓட்டுபவரின் பாதுகாப்பு. டிக்கியில் ஸ்பெயார் வீல் கிடக்கும் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஹோர்ன், எல்லா பல்ப், கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்ச் எல்லாம் வேலை செய்யட்டும். பற்றரி செத்த காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்து காட்டினால் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

பார்க்க வருவதற்கு முதல்நாள் எஞ்சினைக் கழுவுவதும் வேண்டாம். ஒயில் கசிவை மறைத்த மாதிரித் தெரியும். அவர் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கியும் வைக்காதீர்கள். விடயம் தெரிந்தவர் முதலில் பொனட்டில் கை வைத்துப் பார்ப்பார், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை அறியத்தான்.

110 என்கிறீர்கள். 5ஏ, 4ஈ பெட்ரோல் எஞ்சின் என்றாலும் 2சி டீசல் என்றாலும் அதில் இருப்பது, காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். மாற்றிய பில் இருந்தால் எடுத்து வையுங்கள், புதுப் பெயின்டைவிட அந்தத் துண்டுக் கடதாசிக்கு மதிப்பு அதிகம். கொரோல்லா 121 இல் வரும் 1என்இசட் பெட்ரோல் எஞ்சினுக்கும், நிசான் சனி எஃப்.பி. 13, 14 கார்களில் வரும் ஜிஏ எஞ்சினுக்கும் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின்தான். அந்தக் கார்களை வைத்திருப்பவர்களிடம் யாராவது 'பெல்ட் மாற்ற வேண்டும்' என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்தால், பொனட்டைத் திறந்து பெல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். டைனமோ பெல்ட்டைக் காட்டுவார்.

ஒரே மாடலுக்கு விளம்பரங்களில் பத்து விதமான விலை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? எப்போது விற்பது நல்லது? (காரைதீவு)

விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. விற்ற விலை அங்கே வராது. இக்மன், ரியசெவன விளம்பரத் தளங்களில் பாருங்கள், ஆனால் ஒரே விளம்பரம் மாதக்கணக்காக நிற்கிறதா என்று கவனியுங்கள். நிற்கிறதென்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை. கொழும்பு விலையை அப்படியே இங்கே கேட்கவும் முடியாது.

இன்னொரு சிக்கல், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களுக்கு வந்த விலை பலருடைய மனதில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கிவிட்டது. 'பக்கத்து வீட்டுக்காரர் அப்போது இவ்வளவுக்கு விற்றார்' என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

காலம் என்றால், அம்பாறைப் பக்கத்தில் காசு நெல்லோடுதான் வரும். பெரும்போகம் வெட்டும் பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோகம் வெட்டும் ஓகஸ்ட் வாக்கிலும் கார் தேடுபவர்கள் கையில் காசு இருக்கும். ஆடியில் தமிழ் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், ஸ்டியரிங்கில் உட்காருவார்கள், 'ஆவணி பிறக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நவம்பர், டிசம்பர் மழையில் அவசரம் இல்லாவிட்டால் விற்கப் போகாதீர்கள். வயலுக்குச் செலவழித்துவிட்டுக் காத்திருப்பவரிடம் ரொக்கம் இருக்காது.

போனில் 'கடைசி விலை என்ன?' என்று கேட்பவருக்குப் பதில், 'வந்து பாருங்கள், பேசலாம்'. காரைப் பார்க்காமலே நீங்கள் ஐம்பதாயிரம் குறைத்தால், வந்து பார்த்தபின் அங்கிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார்.

வாங்க வந்தவர் முழுக் காசும் ரொக்கமாகத் தருகிறார். ஆனால் மாற்றப் படிவத்தில் தன் பெயரை எழுதாமல் என் கையொப்பம் மட்டும் போதும், பிறகு தானே மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மச்சானும் சொல்கிறார். (ஏறாவூர்)

மச்சான் சொல்வது உண்மைதான், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். 'ஓப்பன் பேப்பர்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அதில் லாபம் முழுவதும் வாங்குபவருக்கு. பெரும்பாலும் அவர் தரகராக இருப்பார். தன் பெயருக்கு மாற்றும் கட்டணத்தை மிச்சம் பிடித்து, காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இன்னொருவருக்கு விற்பார், அவரும் அப்படியே கைமாற்றுவார். கார் மூன்று கை மாறியிருக்கும், பதிவுப் புத்தகமான 'புக்'கில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

அந்தக் கார் ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் போனால், அல்லது கள்ளமாக மணலோ மரமோ ஏற்றிப் பிடிபட்டால், பொலிஸ் முதலில் பார்ப்பது பதிவேட்டில் உள்ள பெயரை. நீங்கள் விற்றுவிட்டேன் என்பீர்கள். யாருக்கு, எப்போது என்று கேட்பார்கள். கையில் என்ன இருக்கிறது?

சரி, செய்ய வேண்டியது இதுதான். உரிமை மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6 படிவத்தில் வாங்குபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் உங்கள் கண்முன்னே எழுதப்பட வேண்டும். அதன்பிறகுதான் உங்கள் கையொப்பம். விற்றவர் திணைக்களத்துக்கு அறிவிக்கும் படிவம் எம்.ரி.ஏ. 8. அதை வாங்குபவரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களே நிரப்பி 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுப்பதென்றால் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கொழும்பு நாரஹேன்பிட்டியிலுள்ள தலைமையகத்துக்கு பஸ் ஏறுவதற்கு முன் மாவட்டச் செயலகத்திலுள்ள திணைக்களக் கிளையில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

இதோடு ஒரு விற்பனைக் கடதாசியும் எழுதுங்கள். வாகன இலக்கம், சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம், விலை, இரண்டு சாட்சிகள். திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள், 'பிற்பகல் 4.15' என்று. காரைக் கொண்டுபோன அன்று மாலையே விபத்து நடந்தால் திகதி மட்டும் போதாது. வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியில் அவரே கையொப்பம் வைக்கட்டும்.

இதற்கெல்லாம் சம்மதிக்காதவர் இன்னும் பத்தாயிரம் கூட்டித் தருகிறேன் என்றால், அந்தப் பத்தாயிரம் எதற்கு என்று யோசியுங்கள்.

காரைக் கொடுத்த கையோடு காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்லிவிடுங்கள். உங்கள் பொலிசி தானாக அவருக்குப் போகாது. இத்தனை வருடம் விபத்துக்கு இழப்பீடு கோராமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு உரியது. அடுத்த வாகனத்துக்கு அதை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

2024 நவம்பர் வெள்ளத்தில் என் லான்சரின் உள்ளே இருக்கை வரை தண்ணீர் ஏறியது. திருத்திவிட்டேன், நன்றாக ஓடுகிறது. வாங்குபவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? (சம்மாந்துறை)

சொல்லுங்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், மறைக்கவும் முடியாது. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் உள்ளே சேற்றுக் கோடு இருக்கும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் மண், முன்விளக்குக்குள் மங்கல். நல்ல மெக்கானிக்குக் கால் மணித்தியாலம் போதும். அவர் கண்டுபிடித்தபின் நீங்கள் சொல்கிற மற்ற எதையும் வாங்குபவர் நம்ப மாட்டார்.

உங்களுக்குச் சாதகமாகச் சொல்லவும் ஒன்று இருக்கிறது. ஆற்று வெள்ளமும் வயல் வெள்ளமும் உப்பில்லாத நீர். கடல் நீரோ வாவி நீரோ ஏறிய கார் அப்படி அல்ல. வயர் இணைப்புகளையெல்லாம் உப்பு உள்ளிருந்தே தின்றுவிடும், மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாக நிற்கும். கரையோரத்துப் பழைய கார் என்றால் 'சுனாமியில் பட்டதா?' என்று இன்றும் கேட்பவர்கள் இருப்பது அதனால்தான். எந்தத் தண்ணீர், எவ்வளவு உயரம், எத்தனை நாள் நின்றது, அதன்பின் கியர் ஒயிலும் எஞ்சின் ஒயிலும் மாற்றினீர்களா என்பதை பில்லோடு சொல்லுங்கள். விலை குறையும். குறைந்த விலையில் நேராக விற்றது, விற்றபின் வாசலில் வந்து நின்று சண்டை பிடிப்பதைவிட மேல்.

கார் அண்ணனின் பெயரில். அண்ணன் கட்டாரில். விற்கச் சொல்லி வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். (செங்கலடி)

குரல் பதிவு திணைக்களத்தில் செல்லாது. அண்ணனை டோஹாவிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய், வாகன இலக்கத்தைக் குறிப்பிட்டு, தன் சார்பில் விற்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தரும் அற்றோனித் தத்துவம் எழுதித் தரச் சொல்லுங்கள். அது வந்தபின் இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். ஒரு சட்டத்தரணியைக் கொண்டு செய்யுங்கள். அண்ணனின் கையொப்பம் மாதிரியே தன்னால் போட முடியும் என்று யாராவது உதவிக்கு வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

லீசிங் கட்டி முடித்து ஏழெட்டு வருடம். புக்கில் இன்னும் கம்பனியின் பெயர் இருக்கிறது. (களுவாஞ்சிகுடி)

கடைசித் தவணை கட்டியதால் அந்தப் பெயர் தானாக அழியாது. முழு உரிமையாளர் என்ற இடத்திலிருந்து தங்கள் பெயரை நீக்கலாம் என்று கம்பனி தரும் கடிதமும் ஆவணங்களும் வேண்டும். விளம்பரம் போடுவதற்கு முன்பே இதை முடியுங்கள். காசோடு ஆள் வந்து நிற்கும்போது கம்பனிக்கு அலைந்தால், ஆள் இருக்க மாட்டார். எஞ்சின் மாற்றியிருந்தாலும், நிறம் மாற்றியிருந்தாலும் அதுவும் புக்கில் ஏறியிருக்க வேண்டும்.

கார் மூன்று வருடமாக ஓடவில்லை. வருமான அனுமதிப்பத்திரம் இல்லாமல் விற்கலாமா? (வாழைச்சேனை)

விற்கலாம், ஆனால் அனுமதிப்பத்திரக் கட்டணப் பாக்கியை யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே தீர்த்துவிடுங்கள். ஓடவில்லை என்று பிரதேச செயலகத்துக்கு முன்கூட்டியே அறிவித்திருக்காவிட்டால் ஓடாத காலத்துக்கும் கேட்பார்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் புது அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆகவே பார்க்க வந்தவரை வீதியில் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள்.

காசை எப்படி வாங்குவது? (கல்முனை)

வங்கிக்குள், இரண்டு பேரும் நின்று. செக் என்றால் காசு உங்கள் கணக்குக்கு வந்தபின்தான் சாவி. போனில் காட்டும் சிலிப்பின் படத்தை நம்பாதீர்கள், உங்கள் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை வங்கி மூடியபிறகு வந்து அவசரப்படுத்துபவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் வாங்கினால், எந்தத் திகதிக்குள் மீதி வராவிட்டால் அது திருப்பித் தரப்படுமா இல்லையா என்பதையும் துண்டில் எழுதுங்கள்.

வாங்குபவர் கூட்டி வந்த மெக்கானிக், தனியாகக் கூப்பிட்டு என்னிடம் கொமிஷன் கேட்கிறார். (கல்முனை, இன்னொருவர்)

கொடுக்காதீர்கள். கேட்டதை வாங்குபவரிடம் சொல்லவும் தயங்காதீர்கள்.

மாமாவின் மகன் கேட்கிறான். பாதிக் காசு இப்போது, மீதி மாதாமாதம். இல்லை என்று சொல்ல முடியவில்லை. (அக்கரைப்பற்று)

காசு முழுவதும் வரும்வரை கார் உங்கள் பெயரில், உங்கள் காப்புறுதியில் இருக்கும். ஆனால் ஓட்டுவது அவர். மேலே ஓப்பன் பேப்பருக்குச் சொன்ன அத்தனை ஆபத்தும் இதில் இருக்கிறது, கோபித்துக்கொள்ளவும் முடியாது. முடிந்தால் மீதிக்கு அவரை வங்கியிலோ லீசிங்கிலோ கடன் எடுக்கச் சொல்லுங்கள், பெயரை உடனே மாற்றிக் கொடுத்துவிடலாம். பழைய கார் என்று கடன் கிடைக்காவிட்டால், தவணைத் தொகை, திகதி, இரண்டு தவணை தவறினால் கார் திரும்பி வரும் என்பதை எழுதி, இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் சாட்சியாக வைத்துக் கையொப்பம் வாங்குங்கள். முழுக் காப்புறுதி எடுப்பது அவர் செலவில். மாமிக்கு முதலில் சொல்லிவிடுங்கள். தவணை தவறினால் நீங்கள் போய்க் கேட்கப் போவது அவரிடம்தான்.