கிரீஸ் இடதுசாரிகள் ஒண்ணா நின்னிருந்தா? – கடிதம்

வணக்கம் சார்,

கிரீஸ்ல இடதுசாரிங்க 2015ல ஆட்சியையே பிடிச்சாங்க, ஆனாலும் ஒண்ணும் பண்ண முடியல. சிரிசா, கம்யூனிஸ்ட் கட்சின்னு ஆளாளுக்குத் தனிக்கடை போட்டதுதானே காரணம்? இனிமேலாவது அங்க பெரிய மாற்றம் வருமா?

– ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

பிரிஞ்சதாலதான் தோத்தாங்கன்னு எனக்குத் தோணல. 2015 ஜனவரில சிரிசாவுக்கு 300ல 149 சீட், கம்யூனிஸ்ட் கட்சியான கேகேஈக்கு 15, கூட்டினா மெஜாரிட்டி தாராளமா இருந்துச்சு, ஆனா சிரிசா தலைவர் சிப்ராஸ் போய்க் கைகோத்தது அனெல்ங்கிற வலதுசாரி தேசியவாதக் கட்சியோட. ஏன்னா கேகேஈ ஐரோப்பிய யூனியனை விட்டே வெளிய வான்னு சொல்லுது, சிரிசாவோ யூரோவுக்குள்ள இருந்துக்கிட்டே, நாட்டுக்குக் கடன் கொடுத்தவங்க திணிச்ச சிக்கன நடவடிக்கைய நிறுத்திடலாம்னு சொல்லி ஓட்டு வாங்கின கட்சி. இத ஈகோன்னு எப்படிச் சொல்றது?

அதுபோக, ஒத்துமையா இருந்தும் பாத்துட்டாங்க. 1968ல, ராணுவ ஆட்சி நடக்கும்போதே, கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டா உடைஞ்சுது. 1989ல சினாஸ்பிஸ்மோஸ்னு திரும்ப ஒண்ணு சேந்தாங்க, சேந்து பண்ணின முதல் காரியம் வலதுசாரி நியூ டெமாக்ரசியோட கூட்டணி ஆட்சி! 1991ல கேகேஈ வெளிய வந்துடுச்சு. அப்புறம் கூட்டணின்னாலே அவங்க உஷாராயிட்டாங்க. அதுக்காக, கடன் கொடுத்தவங்க நிபந்தனைய ஏத்துக்கலாமான்னு 2015 ஜூலைல நடந்த வாக்கெடுப்புல கூட செல்லாத ஓட்டு போடுங்கன்னு சொன்னதெல்லாம் ரொம்ப ஓவர்.

விஷயம் வேற இடத்துல இருக்கு. 2015 ஜூன் கடைசில ஐரோப்பிய மத்திய வங்கி கிரீஸ் பேங்க்குகளுக்கான அவசர உதவிக்கு உச்சவரம்பை உயர்த்த மாட்டேன்னுடுச்சு, பேங்க்கெல்லாம் மூடியாச்சு, ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 60 யூரோதான். அந்த நிலைமைலயும் அந்த வாக்கெடுப்புல 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவங்க நிபந்தனைக்கு "வேண்டாம்"னு ஓட்டு போட்டாங்க. ஒரு வாரத்துல சிப்ராஸ் அதவிட மோசமான நிபந்தனைகளுக்கு ஒத்துக்கிட்டார். யூரோவ விட்டு வெளிய வந்தா பேங்க்கை எப்படி ஓட்டுறது, மருந்தும் பெட்ரோலும் எந்தக் காசுல வாங்குறதுன்னு ரெடியா ஒரு திட்டம் இல்ல, வேறென்ன செய்வார்? கோவிச்சுக்கிட்டு சிரிசாவோட இடது அணித் தலைவர் லஃபசானிஸ், தன்னையும் சேத்து 25 எம்பிக்களோட தனியா போனார், செப்டம்பர் தேர்தல்ல 3 சதவீதம் கூடத் தேறல. யூரோவ விட்டு வெளிய வர்றதுக்கு ஜனங்களும் தயாரா இல்லைங்கிறதுதான் நிஜம்.

இப்போ? 2023 பிப்ரவரில டெம்பி ரயில் விபத்துல 57 பேர் செத்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு நினைவுநாள்ல நாடே தெருவுக்கு வந்துச்சு. ஆனா அந்தக் கோபம் சிரிசாவுக்குப் பெருசா உதவல. ரயில் கம்பெனிய 2017ல இத்தாலிக்காரங்களுக்கு 45 மில்லியன் யூரோவுக்கு வித்ததே அவங்க ஆட்சிதானே! நடுவுல கசெலாகிஸ்ங்கிறவரை சிரிசா தலைவராக்கி, பழைய ஆளுங்க பிரிஞ்சு போய், அப்புறம் அவரையும் தூக்கி, அது ஒரு தனிக் கூத்து.

வருமான்னு கேட்டீங்க. கிட்டத்துல எனக்கு நம்பிக்கை இல்ல. 2023 ஜூன் தேர்தல்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் ஓட்டு போடவே வரல, 2015ல ஏமாந்த எத்தனையோ பேர் அதுல இருப்பாங்கன்னு நினைக்கிறேன். நாலு கட்சி ஒரே மேடைல ஏறி நின்னா மட்டும் அவங்க திரும்பி வந்துடுவாங்களா என்ன?